வெக்டர்தானே, எந்த அளவில் வரைந்தால் என்ன?

தைப்பூசம் நெருங்கினால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்; பந்தலுக்குப் பந்தல் பேனர், பண்டிங் என்னும் நெட்டுக்குத்தான துணிப் பதாகை. அந்த நாட்களில் அச்சகக் கவுண்டரில் அடிக்கடி காதில் விழுவது இது: "அண்ணே, வெக்டர் ஃபைல்தான் லா. எவ்வளவு பெரிசா வேணும்னாலும் இழுத்துக்கலாம்."

இழுக்கலாம்தான். ஆனால் ஏ4 தாளில் வரைந்த முருகனை 2 அடிக்கு 5 அடி பண்டிங்காக இழுத்தால் முருகனுக்கு என்ன ஆகும் என்று கீழே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு. கேன்வாஸைப் பெரிதாகப் போட்டால்தான் படம் தெளிவாக வரும் என்பவர்கள் ஒரு சின்ன லோகோவுக்கு ஐந்து மீட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோடு ஏன் கண்ணுக்கே தெரியவில்லை என்று தேடுவார்கள். இரண்டு கட்சியுமே பாதிதான் சரி.

மாக்கோலமும் அரிசிக் கோலமும்

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். 7 வரிசை, வரிசைக்கு 7 புள்ளி, எந்தப் புள்ளியைச் சுற்றி இழை எந்தப் பக்கம் வளைகிறது என்ற வழி. கோலம் என்பது அவ்வளவுதான். புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் விட்டால் அடுக்குமாடி வீட்டு வாசலில் அடங்கும். ஒரு சாண் விட்டால் தரை வீட்டு முற்றத்தை நிறைக்கும். இரண்டும் ஒரே கோலம்.

தீபாவளிக்குப் பேரங்காடிகளில் சாயம் ஏற்றிய அரிசியால் போடும் கோலம் வேறு ஜாதி. அங்கே அரிசி மணியின் அளவு மாறாது. ஆள் உயர மயிலுக்குக் கண் மட்டுமே நூற்றுக்கணக்கான மணி. விழி, வெள்ளை, மை எல்லாம் தெரியும். அதே மயிலைக் கைக்குட்டை அளவில் போட்டால் கண்ணுக்கு இரண்டு மணிதான் மிஞ்சும். போட்டு முடித்ததை அப்படியே பெரிதாக்கவும் வழியில்லை, மணிகளுக்கு நடுவே தரைதான் தெரியும்.

புள்ளிகளையும் அவற்றுக்கிடையே ஓடும் வளைவுகளையும் கணக்காகச் சேமிக்கும் படம் வெக்டர். நிறச் சதுரங்களை, அதாவது பிக்சல்களை, அடுக்கிச் சேமிக்கும் படம் ராஸ்டர். இன்க்ஸ்கேப், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், அஃபினிட்டி டிசைனர் போன்ற மென்பொருள்கள் முதல் வகைக்கு. கைப்பேசியில் எடுத்த புகைப்படம் எப்போதும் இரண்டாம் வகை, அதை வெக்டர் ஃபைலுக்குள் கொண்டுவந்து வைத்தாலும்கூட. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். மேற்படி கவுண்டர் வசனம் பொய்த்துப்போகும் முதல் இடம் அதுதான்.

கேன்வாஸ் என்பது ஜன்னல்

மென்பொருளைத் திறந்ததும் நடுவில் தெரியும் வெள்ளைச் செவ்வகத்தைத்தான் பொதுவாகக் கேன்வாஸ் என்கிறோம். இன்க்ஸ்கேப்பும் கோரல்டிராவும் அதைப் பக்கம் என்கின்றன; இல்லஸ்ட்ரேட்டர் ஆர்ட்போர்டு என்கிறது. அதற்கு வெளியேயும் வரையலாம், அழிந்துவிடாது. படத்தை வேறு ஃபைலாக வெளியேற்றும்போது (எக்ஸ்போர்ட்) மட்டும், பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், செவ்வகத்துக்குள் இருப்பது வெளியே வரும், மற்றது வராது. ஜன்னலைப் பெரிதாக்கினால் வெளியே நிற்கும் மரம் பெரிதாகாது என்பதுபோல, கேன்வாஸை மாற்றினால் வரைந்தது மாறாது.

அப்படியானால் அளவை எதற்காக யோசிக்க வேண்டும்? கேன்வாஸ் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், "ஒன்று" என்றால் எவ்வளவு என்ற அலகு, படம் எங்கே வெட்டுப்படும் என்ற ஓரம். தரம் இந்தப் பட்டியலில் இல்லை.

விகிதம்: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அகலம் 1 என்றால் உயரம் சுமார் 1.41. இங்கே பந்தல்களில் நிற்கும் பண்டிங் பலவும் 2 அடிக்கு 5 அடி, அதாவது 609.6 × 1524 மி.மீ. அகலம் 1 என்றால் உயரம் 2.5.

ஏ4 படத்தைப் பண்டிங்கின் அகலத்துக்கு இழுத்தால் உயரம் 862 மி.மீ. வரைதான் வரும். மீதி 662 மி.மீ., இரண்டடிக்கும் மேல், வெறும் துணி. விகிதப் பூட்டை எடுத்துவிட்டு உயரத்தையும் நிரப்பச் சொன்னால் எல்லாமே 1.77 மடங்கு நீளும். வேல் நீண்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முகம் நீண்டால் பந்தலுக்கு மோர் குடிக்க வந்தவர்கூடக் கேட்பார்.

விகிதம் தவறினால் மென்பொருளில் பொத்தான் எதுவும் உதவாது, உட்கார்ந்து திரும்ப அடுக்க வேண்டும். அளவு மட்டும் தவறி விகிதம் சரியாக இருந்தால் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். ஆகவே வேலை வரும்போது முதல் கேள்வி "எத்தனைக்கு எத்தனை?" என்பதே. ஏ4, ஏ3, ஏ2 மூன்றும் ஒரே விகிதம் என்பதால் அவற்றுக்குள் தாராளமாகத் தாவலாம். 2 × 5 அடியும் 2 × 6 அடியும் ஒன்றல்ல. 3 × 10 அடி பேனர் வேறு உலகம். அதற்குப் பண்டிங்கைப் படுக்கப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது வாடிக்கையான தவறு.

அலகு: யாருடைய முழம்?

லிட்டில் இந்தியா பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை கேட்டால், கிடைப்பது கடைக்காரரின் கை நீளத்தைப் பொறுத்தது. பிக்சலும் ஒரு முழம்தான். இன்க்ஸ்கேப்பிலும் இணைய உலாவிகளிலும் 96 பிக்சல் ஓர் அங்குலம். இல்லஸ்ட்ரேட்டரில் 72 பிக்சல் ஓர் அங்குலம். இன்க்ஸ்கேப்பே 0.92 பதிப்புக்கு முன்பு 90 என்று வைத்திருந்தது.

இதில் மாட்டுவது எப்படி என்று பார்ப்போம். கல்யாணத்துக்கு வருபவர்களுக்குத் தரும் டோர் கிஃப்டுக்காக அக்ரிலிக் பலகையில் குத்துவிளக்கு வடிவத்தை லேசரில் வெட்ட வேண்டும், உயரம் 100 மி.மீ. இல்லஸ்ட்ரேட்டரில் 100 மி.மீ. என்று கச்சிதமாக வரைந்து எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைல் வகையில் வெளியேற்றுகிறார் ஒருவர். ஃபைலுக்குள் எழுதப்படுவது மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்துக்கு 72 என்ற கணக்கில் வந்த 283.46 என்ற வெறும் எண். வெட்டும் கடையில் அதை இன்க்ஸ்கேப்பில் திறக்கிறார்கள். 283.46-ஐ 96-ஆல் வகுத்து, ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்று பெருக்கினால் 75 மி.மீ. முந்நூறு விளக்கும் முக்கால் அளவில் வெட்டுப்பட்டு வரும். வடிவம் பழுதில்லை என்பதால் திரையில் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அளவுகோல் வைத்தால்தான் தெரியும்.

எஸ்விஜி ஃபைலுக்குள் வியூபாக்ஸ் என்று ஒரு வரி உண்டு. "இந்தப் படத்தின் உள்கணக்கு இத்தனைக்கு இத்தனை" என்று சொல்லும் வரி அது. வியூபாக்ஸ் 0 0 210 297 என்றும், கூடவே அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. என்றும் இருந்தால் உள்ளே எழுதும் 1 என்பது சரியாக 1 மி.மீ. குழப்பத்துக்கு இடமில்லை. அகல உயர வரிகள் இல்லாமல் வியூபாக்ஸ் மட்டும் இருந்தால் திறக்கிற மென்பொருள் தன் முழத்தால் அளந்துகொள்ளும்.

அச்சுக்கும் வெட்டுக்கும் மில்லிமீட்டர், திரைக்குப் பிக்சல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது. வெட்டுக் கடைக்கு அனுப்பும் ஃபைலின் மூலையில் 50 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து, பக்கத்திலேயே "50 மி.மீ." என்று எழுதி வையுங்கள். திறந்ததும் அவர்கள் அதை அளந்து பார்த்துக்கொள்வார்கள்.

இன்க்ஸ்கேப்பில் அலகை மாற்ற ஃபைல் மெனுவில் ஆவணப் பண்புகள், அதாவது ஷிஃப்ட், கண்ட்ரோல், டி. காட்டும் அலகு, பக்க அளவு, உள்கணக்கு அளவு மூன்றும் அங்கேதான். காட்டும் அலகை மட்டும் மாற்றினால் அளவுகோலில் தெரியும் எண் மாறுமே தவிரப் படம் மாறாது.

ஓரம்

கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் விசிட்டிங் கார்டின் விளிம்பில் வெள்ளைக் கீற்று தெரியும். அதைத் தடுக்கப் பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி விடுவதற்குப் பெயர் ப்ளீட். வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. இங்கே கார்டு பெரும்பாலும் 90 × 54 மி.மீ. என்பதால் நிறம் ஓட வேண்டிய பரப்பு 96 × 60. கேன்வாஸ் 90 × 54 ஆகவே இருக்கட்டும். ப்ளீட்டை அதற்கான கட்டத்தில் கொடுங்கள். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருந்தால் நல்லது. பேனரில் கயிறு கட்ட ஐலெட் அடிப்பார்கள், அங்கே இரண்டு அங்குலம் உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் உபயதாரர் பெயரின் முதல் எழுத்தில் ஓட்டை விழும்.

இழுத்தால் கூட வராதவை

இப்போது கோலத்துக்குத் திரும்புவோம். புள்ளி இடைவெளியைச் சாணாக்கிவிட்டீர்கள். ஆனால் விரலிடுக்கில் இழியும் மாவின் கனம் அதேதான். சின்னக் கோலத்தில் நிறைவாகத் தெரிந்த இழை முற்றத்தில் நூலாகத் தெரியும். வெக்டர் மென்பொருளிலும் இது அப்படியே நடக்கும். வடிவத்தைச் சுற்றிய கோட்டுக்குத் தனியே ஒரு தடிமன் எண் உண்டு. வடிவத்தை இழுக்கும்போது அந்த எண்ணும் சேர்ந்து பெருக வேண்டுமா என்பதை ஓர் அமைப்பு முடிவு செய்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் அது விருப்பத்தேர்வுகளின் பொதுப் பகுதியில், கண்ட்ரோல் கே. இன்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியை எடுத்தால் மேற்பட்டையில் வரும் சிறு பொத்தான்களில் ஒன்று. கோரல்டிராவில் கோட்டுப் பேனா உரையாடலில் ஒரு குறிப்பெட்டி. அணைந்திருந்தால் பத்து மடங்கு பெரிதான மயிலைச் சுற்றிப் பழைய 1 பாயிண்ட் கோடுதான் ஓடும். பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, சுமார் 0.35 மி.மீ. பதினைந்து அடி தள்ளி நிற்பவருக்கு அது இருப்பதே தெரியாது.

வேலை முடிந்தபின் கோட்டையே வடிவமாக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பிறகு தடிமனைத் திருத்த முடியாது என்பதால் ஒரு பிரதியில் செய்யுங்கள். தமிழ் எழுத்துகளையும் அதே பிரதியில் வளைவுகளாக மாற்றிவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். இது அளவு சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்தது நிழலும் ஒளிவட்டமும். மங்கலாகப் பரவும் விளைவுகளை மென்பொருள் கடைசியில் பிக்சல்களாகத்தான் ஆக்குகிறது. அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைப் பிபிஐ என்பார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் விளைவு மெனுவின் ராஸ்டர் அமைப்பில் 72 என்று இருக்க, பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த வேலுக்கு ஒளிவட்டம் போட்டால், அச்சில் பத்து மடங்கு பெருகும்போது மிஞ்சுவது 7.2 பிபிஐ. வேல் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். சுற்றியுள்ள ஒளி மட்டும் செங்கல் அடுக்கியதுபோல் படிப்படியாகத் தெரியும். வெக்டர் ஃபைலில் இது எப்படி வந்தது என்று திகைப்பவர்கள் பலர்.

புகைப்படத்துக்கும் இதே கணக்கு. அகலம் 3000 பிக்சல் உள்ள கைப்பேசிப் படத்தைப் பண்டிங்கின் 24 அங்குல அகலத்துக்கு விரித்தால் 125 பிபிஐ. சில அடி தள்ளி நின்று பார்க்கும் பண்டிங்குக்கு 100 போதும், நன்றாக வரும். அதே படம் வாட்சப்பில் சுருங்கி 900 பிக்சலாக வந்திருந்தால் 37.5 பிபிஐதான், தலைவரின் முகம் கரையும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: தசம இடம். எஸ்விஜியாக வெளியேற்றும்போது ஒவ்வொரு புள்ளியின் இடமும் எண்ணாக எழுதப்படுகிறது. தசமத்துக்குப்பின் ஓர் இலக்கம் போதும் என்று அமைத்திருந்து, கேன்வாஸ் 24 அலகு அகலமாக இருந்தால், புள்ளி நிற்கக்கூடிய இடங்கள் அகலத்தில் 240-தான். அந்த லோகோவை 3 அடிக்கு இழுத்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் கிட்டத்தட்ட 4 மி.மீ. வட்டம் நெளியும். அதே லோகோ 1000 அலகு கேன்வாஸில் இருந்தால் படி 0.1 மி.மீ.கூட வராது. கேன்வாஸ் அளவு கூர்மையை நேரடியாகத் தொடும் இடம் இது ஒன்றுதான். எனவே சின்னக் கேன்வாஸை வைத்துக்கொள்பவர்கள் தசமத்தை 3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: வளைவுகள் தாமாகப் பெருகும். கோட்டின் தடிமன் கேட்டால்தான் பெருகும். நிழலும் புகைப்படமும் பெருகுவதுபோல் காட்டி ஏமாற்றும்.

மண்டப மேடை அளவுக்கு

பிடிஎஃப் பக்கத்தின் வழக்கமான எல்லை 14,400 பாயிண்ட். 200 அங்குலம், அதாவது 16 அடி 8 அங்குலம். கல்யாண மண்டப மேடைக்கு 20 அடிக்கு 10 அடி பின்திரை என்றால் அசல் அளவில் அடங்காது. அதற்கு 1-க்கு 10 என்ற அளவில் வரைவார்கள்: 609.6 × 304.8 மி.மீ., அதாவது 2 அடிக்கு 1 அடி. பத்தால் பெருக்குவது எல்லாருக்கும் வரும். 1-க்கு 4, 1-க்கு 8 என்று போனால் எங்கோ ஒருவர் தப்பாகப் பெருக்குவார்.

இப்படிச் செய்யும்போது உள்ளே வைக்கும் படங்களும் விளைவுகளும் பத்தால் வகுபடும் என்பதை மறக்கக் கூடாது. 1-க்கு 10 ஃபைலில் 300 பிபிஐ என்பது மேடையில் 30-தான். ஃபைல் பெயரிலேயே "1-க்கு-10, முடிவு அளவு 20 × 10 அடி" என்று எழுதுங்கள். எழுதாமல் அனுப்பினால் 2 அடிக்கு 1 அடியில் அழகாக அடித்துச் சுருட்டித் தருவார்கள், அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது. எல்லைக்குள் அடங்கும் பண்டிங், 3 × 10 பேனர் போன்றவற்றுக்கு இந்தச் சுற்று வேலை வேண்டாம். அசல் அளவிலேயே வரையுங்கள், கணினி ஒன்றும் திணறாது.

திரைக்கு என்றால்

தீபாவளி வாழ்த்தை ஏ4-இல் வரைந்து இன்க்ஸ்கேப்பின் இயல்பான 96-இல் வெளியேற்றினால் 794 × 1123 பிக்சல்தான் வரும். கைப்பேசியில் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 300-இல் வெளியேற்றினால் 2480 × 3508. அதைவிட முதலிலேயே கேன்வாஸைப் பிக்சலில் வைத்துக்கொள்வது எளிது: இன்ஸ்டகிராம் பதிவுக்கு 1080 × 1350, ஸ்டோரிக்கும் வாட்சப் ஸ்டேட்டசுக்கும் 1080 × 1920. இரண்டும் வேறு விகிதம், ஆகவே இரண்டு கேன்வாஸ்.

சிறு ஐகான் வரைபவர்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம். 1 பிக்சல் தடிமன் கோட்டின் நடுவை 10 என்ற முழு எண்ணில் வைத்தால் கோடு 9.5 முதல் 10.5 வரை பரவும். இரண்டு பிக்சலிலும் பாதிப் பாதி. கறுப்புக் கோடு சாம்பல் நிறத்தில் இரு மடங்கு தடித்துத் தெரியும். 10.5-இல் வையுங்கள், பளிச்சென்று நிற்கும்.

லோகோவுக்கு எந்த அளவு?

மற்ற எல்லாவற்றுக்கும் "எங்கே போகிறது" என்று கேட்டு அளவு சொல்லலாம். லோகோ எல்லா இடத்துக்கும் போகும். அதற்கு முடிவு அளவு கிடையாது என்பதால் கணக்குப் போட வசதியான 1000 அலகு அகலத்தை வைத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் பக்கத்தைப் படத்தோடு ஒட்டிச் சுருக்குங்கள். இன்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆர். வெற்றிடம் விட்டு அனுப்பினால் வாங்குபவர் நடுவில் வைத்தாலும் நடுவில் நிற்காது.

1000 அலகின் அருமை இதுதான். கோயில் லோகோவில் கோபுரக் கோடுகள் 4 அலகு தடிமன் என்று வைப்போம். விசிட்டிங் கார்டில் லோகோ 20 மி.மீ. அகலம் என்றால் கோடு 0.08 மி.மீ. அச்சுக்குக் கீழ் வரம்பாக வழக்கத்தில் சொல்லும் 0.25 பாயிண்ட் 0.088 மி.மீ. கோடு அதற்கும் கீழே போய்விட்டது, விட்டுவிட்டுத்தான் அச்சாகும். கணினித் திரையில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் இது தெரியாது, ஏனென்றால் பெரிதாக்கியபின் எல்லாக் கோடும் தடிமன்தான். சிறிய அளவுக்குக் கோடு குறைத்த இன்னொரு வடிவம் வரைவதைத் தவிர வழியில்லை.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தொல்லை கூடுதல். 6 பாயிண்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கால் மில்லிமீட்டர்கூட இராது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் மை பரவிப் புள்ளியை மூடிவிடும். "பட்டு மாளிகை" கார்டில் "படடு மாளிகை" ஆகிவிடும். அனுப்பும் முன் சாதாரண ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை நீக்கி 100 சதவீதம் என்று வையுங்கள், பிறகு அளவுகோலை வைத்து 90 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புள்ளிகளை எண்ணுங்கள்.